கடைசியில் ஒரு ‘லி’

ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் ‘லி’ விகுதியை ஒரு சாதுவாகவே அறிமுகப்படுத்துகின்றன. குவிக் என்பதோடு சேர்ந்தால் குவிக்லி, பியூட்டிஃபுல் என்பதோடு சேர்ந்தால் பியூட்டிஃபுலி. பெயரடை வினையடையாகிவிடும், அவ்வளவுதான். சொல்லுக்குள் எந்த அசையில் அழுத்தம் விழுந்ததோ, லி வந்த பிறகும் அதே அசையில்தான் விழும்.

வேறு பல விகுதிகள் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. போட்டோகிராஃப் என்ற சொல்லில் அழுத்தம் முதலசையில். போட்டோகிராஃபி என்றதும் அது இரண்டாம் அசைக்குப் போய்விடுகிறது. ஆங்கிலேயர் வாயில் கேட்டால் முதலசை ஏறக்குறைய கரைந்து ‘ஃபடாக்ரஃபி’ என்பதுபோல ஒலிக்கும். போட்டோகிராஃபிக் என்றால் அழுத்தம் மூன்றாம் அசைக்கு. வேர் ஒன்றுதான், ஆனால் விகுதிக்கு ஏற்றபடி அழுத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதன்மேல் லியையும் ஏற்றிப் போட்டோகிராஃபிக்கலி ஆக்கும்போதுதான் ஓட்டம் நிற்கிறது. அழுத்தம் ‘கிரா’விலேயே இருந்துவிடுகிறது. நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் பேட்டர்ன் ஆஃப் இங்கிலிஷ்’ இதை இரண்டு வகை எல்லைக்குறிகளால் விளக்கப் பார்த்தது. சில விகுதிகளுக்கு முன்னால் இருப்பது மெலிந்த எல்லை, அழுத்த விதிகள் அதைத் தாண்டிச் செல்லும். லிக்கு முன்னால் இருப்பதோ ஏறத்தாழ இரு சொற்களுக்கு நடுவே இருப்பது போன்ற வலுவான எல்லை, விதிகள் அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

வரலாறும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில், கல்லறைத் தோட்டத்து வாசலில், சவப்பெட்டியைச் சற்று இறக்கிவைப்பதற்கென்று கூரை போட்ட வாயில் ஒன்று இருக்கும். அதன் பெயர் லிச்கேட். அந்த ‘லிச்’சும் வினையடையின் கடைசி ‘லி’யும் ஒரே சொல்லின் மிச்சங்கள். இன்ன உடலுடைய, இன்ன வடிவுடைய என்று பொருள் தந்த தனிச்சொல் ஒன்று தேய்ந்து தேய்ந்து விகுதியாயிற்று. ‘இக்’, ‘இட்டி’, ‘ஏஷன்’ எல்லாம் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் தங்கள் சட்டதிட்டங்களோடு வந்து குடியேறியவை. லி உள்ளூர்க்காரன். உள்ளூர்க்காரன் அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடாமல் இருந்தான் என்று சொல்லி இந்தக் கதையை முடித்திருக்கலாம், நெசசரிலி என்று ஒரு சொல் இல்லாமல் இருந்திருந்தால்.

நெசசரி, டெம்பரரி, வாலண்டரி, ஆர்டினரி, மிலிட்டரி, ஆர்பிட்ரரி: ‘அரி’ என்று முடியும் பெயரடைகள் இவை. எல்லாவற்றிலும் அழுத்தம் முதலசையில். எழுத்தில் நான்கு அசைகள் தெரிந்தாலும் பிரித்தானிய வாய் நான்கையும் சொல்வதில்லை. மிலிட்டரி அங்கே ‘மிலிட்ரி’, நெசசரி பெரும்பாலும் ‘நெசஸ்ரி’. ஓர் அழுத்த அசை, பின்னால் இரண்டு மெல்லசைகள். இந்த நடை ஆங்கிலத்துக்கு மிக வசதியானது. இப்போது லியைச் சேர்த்துப் பாருங்கள். விதிப்படி அழுத்தம் முதலசையில் நின்றாக வேண்டும். விழுங்கியது போக மூன்று மெல்லசைகள் பின்னால் வரிசை கட்டுகின்றன; விழுங்காமல் சொன்னால் நான்கு. டெம்பரரிலியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு ர, அடுத்து இன்னொரு ர, உடனே ஒரு ல. தாங்குவதற்கு நடுவில் வலுவான உயிரொலி ஒன்றுகூடக் கிடையாது. செய்தி வாசிப்பவர்கள் அஞ்சும் சொற்களில் இது ஒன்று என்றால் நம்பலாம்.

அமெரிக்கர்களுக்கு இந்த அவஸ்தை இல்லை. காரணம், பெயரடையிலேயே அவர்கள் ‘அரி’யை விழுங்குவதில்லை. செக்ரட்டரி என்பது லண்டனில் ‘செக்ரட்ரி’, நியூயார்க்கில் ‘செக்ரட்டெரி’. டிக்ஷனரியும் அப்படித்தான். அந்த ‘எ’யில் முழு உயிர் இருக்கிறது, முதன்மை அழுத்தத்துக்கு அடுத்தபடியான ஓர் அழுத்தமும் அதில் தங்கியிருக்கிறது. லி வந்து வால் நீண்டதும், இரண்டாமிடத்தில் இருந்த அந்த அழுத்தம் முதலிடத்துக்கு ஏறிவிடுகிறது. அமெரிக்கர் சொல்லும் நெசசரிலியில் ஓங்கி ஒலிப்பது மூன்றாம் அசையான ‘செ’. டெம்பரரிலி, வாலண்டரிலி, மிலிட்டரிலி எல்லாவற்றுக்கும் இதே தீர்வு. எந்த விகுதி அழுத்தத்தைத் தொடாது என்று பாடநூல்கள் சான்றிதழ் கொடுத்தனவோ, அதே விகுதி இங்கே அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டது.

ஆக, ஒரே நெருக்கடிக்கு இரண்டு வழிகள். அசையை விழுங்கலாம், அல்லது அழுத்தத்தை நகர்த்தலாம். பிரித்தானியர் முதல் வழியில் நெடுநாள் போனார்கள்; அமெரிக்கர் இரண்டாம் வழியில். இதை நாகரிகம், அநாகரிகம் என்று பேசியவர்கள் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இருந்திருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. ஓர் அழுத்த அசைக்குப் பின்னால் எத்தனை மெல்லசைகளைச் சுமக்க முடியும் என்பதில் ஆங்கிலக் காதுக்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவு மீறப்படும்போது விதி என்று எழுதிவைத்தது வளைகிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்பது மட்டுமே ஊருக்கு ஊர் வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெசசரி என்பதன் மூலமான லத்தீன் ‘நெசெஸாரியுஸ்’ என்ற சொல்லில் அழுத்தம் ‘ஸா’வில்தான் இருந்தது. வோலுன்டாரியுஸ், ஆர்டினாரியுஸ், டெம்போராரியுஸ் எல்லாவற்றிலும் அந்த நெடில் ‘ஆ’தான் அழுத்தம் பெற்ற அசை. ஆங்கிலத்துக்குள் வந்ததும், சொல்லின் தலையிலேயே அழுத்தத்தை வைக்கும் ஜெர்மானியப் பழக்கம் அதை இழுத்து முதலசையில் உட்காரவைத்தது. பிறகு வாலில் வந்து ஒட்டிக்கொண்ட லி, அதுவும் ஜெர்மானிய வழிவந்த அந்த லி, அதைத் தள்ளித் தள்ளி மறுபடியும் பழைய ரோமானிய ஆசனத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஓஹாயோவில் தொலைபேசியில் பேசுகிற ஒருவர் நாட் நெசசரிலி என்று சொல்லும்போது சிசரோ அழுத்திய இடத்திலேயே அழுத்துகிறார். லத்தீன் படித்த ஆக்ஸ்ஃபர்ட் கனவான், அதே அழுத்தத்தை அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளித்திருப்பார்.

முகச்சுளிப்புக்கு நிறுவன வடிவமும் இருந்தது. பேச்சு ஆங்கிலத்துக்கென்று பிபிசி 1926இல் ஓர் ஆலோசனைக் குழுவை வைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவர். 1930இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் பெர்னார்ட் ஷா. ஆங்கிலேயர் எப்படிப் பேச வேண்டும் என்று ஓர் அயர்லாந்துக்காரர் தலைமையில் கூடித் தீர்மானித்தார்கள் என்பதே ஷா நாடகத்துக்குரிய விஷயம். அந்தக் குழு உலகப்போரோடு முடிந்துபோனது, ஆனால் மனநிலை முடியவில்லை. 1983இல் வந்த ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கிலப் பயன்பாட்டுக் கையேடு நெசசரிலி போன்ற ஐந்தசைச் சொற்களின் சங்கடத்தைப் புரிந்துகொண்டு கொஞ்சம் இரங்கியது. பிரைமரிலிக்கு மட்டும் இரங்கவில்லை. பிரைமரி மூன்றசைச் சொல்தானே, லி சேர்ந்தாலும் நான்குதானே, முதலசையில் அழுத்திச் சொல்வதில் என்ன கஷ்டம் என்பது வாதம். தர்க்கம் சரி. ஆனால் சொற்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. வாலண்டரிலியும் டெம்பரரிலியும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், பிரைமரிலி மட்டும் கணக்குப் பார்த்து நிமிர்ந்து நிற்காது. 1990இல் ஜான் வெல்ஸ் லாங்மன் உச்சரிப்பு அகராதியை வெளியிட்டபோது ஆணையிடும் வேலையை விட்டுவிட்டு, இழுபறியான சொற்களை எப்படிச் சொல்கிறீர்கள் என்று மக்களிடமே கேட்டு அந்த விவரத்தையும் அச்சிட்டார். அதுதான் நேர்மையான அகராதி வேலை.

‘அரிலி’க் குடும்பத்தைப் பார்த்துவிட்டு ‘இக்கலி’க் குடும்பத்துக்கு வந்தால் புயல் ஓய்ந்தாற்போல இருக்கும். டிராமாட்டிக்கலி, சயின்டிஃபிக்கலி, டெமாக்ராட்டிக்கலி. பார்வைக்கு இவையும் நீளம்தான். ஆனால் ‘இக்’ விகுதி அழுத்தத்தை ஏற்கெனவே தனக்கு முந்திய அசைக்கு இழுத்து வைத்துவிட்டது. எழுத்தில் இருக்கும் ‘அல்’ பேச்சில் கிடையாது; பேசிக்கலி என்று எழுதுவதை ‘பேசிக்லி’ என்றே சொல்கிறார்கள். அழுத்தத்துக்குப் பின் இரண்டே மெல்லசைகள் மிஞ்சுகின்றன. பேசாத அந்த ‘அல்’லை எழுத்தில் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள், அநேகமாகப் பப்ளிக்லி என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர. அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் சலுகை என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் பேச்சை மாற்றிவிடுவது நல்லது. ‘ஏபிள்’ என்று முடிபவை இன்னும் சாமர்த்தியம். அட்மிரபிள் நான்கசை, அட்மிரப்ளியும் நான்கே. கடைசி ‘பிள்’ இருந்த இடத்திலேயே ‘ப்ளி’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜென்டில், ஜென்ட்லி, சிம்பிள், சிம்ப்ளி. விகுதி சேர்ந்தது, அசை கூடவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ‘எட்லி’. மார்க்ட் என்பது ஓரசைச் சொல். லி சேர்த்தால் இரண்டசை ஆக வேண்டும். ஆவதில்லை, ‘மார்க்கிட்லி’ என்று மூன்றாகிறது. சப்போஸ்ட் இரண்டு, சப்போஸிட்லி நான்கு. அலெஜ்ட் இரண்டு, அலெஜிட்லி நான்கு. ஓர் அசையைச் சேர்த்தோம், இரண்டு வந்து நிற்கின்றன. கூடுதலாக வந்தது புதியது அல்ல. சாசர் காலத்தில் இறந்தகால ‘எட்’ முழு அசையாகவே ஒலித்தது. பிறகு அதன் உயிர் உதிர்ந்து, மெய் மட்டும் வேரோடு ஒட்டிக்கொண்டது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் ஆக்ஸ்ஃபர்ட் பிரபு ராபர்ட் ஹார்லிக்கு எழுதிய, ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்தும் யோசனையில், டிஸ்டர்ப்ட், ரிப்யூக்ட் என்று உயிரைக் கடித்துத் துப்பி மெய்களை மோதவிடுகிறார்களே என்று புலம்பியிருக்கிறார். புலம்பல் பலிக்கவில்லை, அந்த உயிர் போயே போய்விட்டது. ஆனால் லி பின்னால் வந்து நின்றால், முந்நூறு ஆண்டுகளாகப் புதைந்திருக்கும் அந்த அசை எழுந்து வருகிறது.

எல்லா இடத்திலும் எழுவதில்லை என்பதுதான் சுவாரசியம். ‘எட்’டுக்கு நேர் முன்னால் அழுத்த அசை இருந்தால் எழும், நடுவில் ஏற்கெனவே ஒரு மெல்லசை இருந்தால் எழாது. டிட்டர்மின்டில் அழுத்தம் ‘டர்’மேல், இடையில் ‘மின்’ என்ற மெல்லசை உண்டு. எனவே டிட்டர்மின்ட்லி என்பதோடு சரி. ஹர்ரீட்லியும் அப்படியே. டயர்ட்லி போல விலகிப்போகிறவை இருக்கின்றன, இருந்தாலும் பொதுப்போக்கு இதுதான். ஃபௌலர் தமது 1926 பயன்பாட்டு அகராதியில் இந்த ‘எட்லி’க்கென்றே ஒரு தலைப்பு ஒதுக்கினார். மார்க்ட்லி என்றால் மெய்கள் நெரிகின்றன, அதனால்தான் உயிர் தேவைப்படுகிறது என்று சொல்லத் தோன்றும். அது பாதிக் காரணம். நெரிசலே இல்லாத அஷ்யூர்டிலும் அந்த அசை எழுந்து ‘அஷ்யூரிட்லி’ ஆகிறதே. அழுத்தத்துக்கும் கடைசி லிக்கும் இடையில் மூச்சு விட ஓர் இடைவெளி வேண்டும் என்பது மீதிக் காரணம் என்று நினைக்கிறேன். ‘அரிலி’யில் மெல்லசைகள் அதிகம், ஒன்று போகிறது. ‘எட்லி’யில் குறைவு, ஒன்று வருகிறது.

அசையின் கதி அதற்கு முன்னால் இருப்பதன் எடையைப் பொறுத்தது என்பது தமிழ் படித்தவருக்குப் புதிய செய்தி அல்ல. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் கடைசி இயல் முழுவதையும் குற்றியலுகரத்துக்குக் கொடுத்திருக்கிறது. பசு, அது, நடு: தனிக்குறிலை அடுத்து வந்ததால் உகரம் முழு அளவில் நிற்கிறது. காசு, வரகு, பந்து: முன்னால் நெடிலோ ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளோ இருப்பதால் அதே உகரம் அரை மாத்திரையாகக் குறுகிவிடுகிறது. முன்னால் எடை கூடினால் பின்னால் இருப்பது மெலியும். பேச்சிலோ நாம் குறுக்குவதோடு நிற்பதில்லை, விழுங்கியே விடுகிறோம். நம் வினையடை விகுதியான ‘ஆக’வை யார் முழுசாகச் சொல்கிறார்கள்? அழகா இருக்கு, வேகமா வா. ‘க’ எப்போதோ போய்விட்டது.

இப்படி விழுங்கத் தெரிந்த நாம்தான் ஆங்கிலத்துக்கு வந்ததும் கைகட்டி நின்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். நெ-ச-ச-ரி-லி: ஐந்து அசைக்கும் சமமான மரியாதை. அதே வாய், மார்க்கிட்லி என்று ஓர் அசை கூட வேண்டிய இடத்தில் மார்க்ட்லி என்று நிறுத்திக்கொள்கிறது. அவர்கள் விழுங்கும் இடத்தில் நாம் உச்சரிக்கிறோம், அவர்கள் உச்சரிக்கும் இடத்தில் நாம் விழுங்குகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நமக்கு ஆங்கிலம் காதுக்கு முன் கண் வழியாக வந்தது. அசைக்கு அசை சமமான நேரம் தரும் மொழிகள், அழுத்தத்துக்கு அழுத்தம் சமமான நேரம் தரும் மொழிகள் என்று ஒரு பாகுபாட்டை டேவிட் ஏபர்குரோம்பி 1967இல் எடுத்துப் பேசியபோது, முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சு, யோருபாவோடு நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கையும் சொன்னார். 1982இல் பீட்டர் ரோச் கருவி வைத்து அளந்து பார்த்தார். கணக்கு அவ்வளவு சுத்தமாக வரவில்லை. பாகுபாடு ஆட்டம் கண்டாலும், ஒரு தமிழர் ஆங்கிலம் பேசுவதைக் கேட்கும் ஆங்கிலேயர் எந்த அசையைப் பிடித்துக்கொள்வது என்று திணறுவது பொய்யல்ல. ஆர். கே. பன்சால் இந்திய ஆங்கிலம் எந்த அளவுக்குப் புரிகிறது என்று ஆராய்ந்து எழுதிய நூல் 1969இல் ஹைதராபாத்திலிருந்து வந்தது. தவறான சொல்லழுத்தம் புரியாமைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்றது அது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த ஒரு தலைமுறையே டி. பாலசுப்பிரமணியனின் ஒலியியல் பாடநூலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறது. அழுத்தத்தை மாற்றும் விகுதிகள், மாற்றாத விகுதிகள் என்று பட்டியலை ஒப்பித்துத் தேறிவிட்டு, அதே நாள் மாலை நெ-ச-ச-ரி-லி என்றார்கள். பட்டியல் கண்ணுக்கானது, தேர்வு கைக்கானது. காதுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை.

கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான இந்தச் சண்டை ஆங்கிலேயர் வீட்டிலும் உண்டு. அச்சில் வரி முடியும் இடத்தில் நீண்ட சொல்லை எங்கே உடைப்பது? நோவா வெப்ஸ்டர் 1783இல் தமது எழுத்துக்கூட்டல் புத்தகத்தைப் போட்டபோது, டில்வொர்த்தின் பழைய பாடப்புத்தகம் ‘ஹா-பிட்’, ‘க்ளு-ஸ்டர்’ என்று பிரித்திருந்ததைக் கேலி செய்து, சொல்கிறபடி ‘ஹாப்-இட்’, ‘க்ளஸ்-டர்’ என்று பிரிக்கச் சொன்னார். அழுத்தம் விழும் குறில், அடுத்த மெய்யைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. இன்றைய அமெரிக்க அகராதி நெசசரிலியை ‘நெச்-எஸ்-சர்-இ-லி’ என்கிற மாதிரிப் புள்ளிவைத்துப் பிரிப்பது அந்த வழியில்தான். இந்தப் புள்ளிகளை உச்சரிப்புக்கான அசைப்பிரிப்பு என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவை அச்சுக்கோப்பவருக்கு இட்ட குறிகள், வாய்க்கு அல்ல. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் க்னூத்தின் மாணவர் ஃபிராங்க் லியாங், கணினி தானாகவே சொல்லை உடைக்கும் முறையை 1983இல் ஆய்வேடாகத் தந்தார். டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரல் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆங்கிலத்துக்கு 4447 எழுத்துக்கோலங்கள், அவற்றில் அடங்காத 14 விதிவிலக்குச் சொற்கள். அந்தப் பதினான்கில் பிரசென்டும் பிராஜெக்டும் உடைக்கவே கூடாதவையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெயராக வந்தால் அழுத்தம் முன்னசையில், வினையாக வந்தால் பின்னசையில். அழுத்தம் போகும் இடத்துக்கு மெய்யும் கூடவே போகிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு அது எப்படித் தெரியும்?

விழுங்கவும் முடியாமல், நகர்த்தவும் முடியாமல், எழுப்பவும் முடியாமல் போகிற ஓர் இடமும் இருக்கிறது. ஃப்ரெண்ட்லி என்பது பெயரடை; அதன் லி ஏற்கெனவே பழைய ‘லீச்’. விதிப்படி வினையடை ஃப்ரெண்ட்லிலி. சில்லிக்குச் சில்லிலி, ஹோலிக்கு ஹோலிலி. பேரகராதிகளில் இவை இருக்கின்றன, இலக்கணத்தில் குற்றம் எதுவும் இல்லை, அழுத்தமும் முதலசையில் ஒழுங்காகவே நிற்கிறது. ஆனால் லியின்மேல் லி வந்து இடிப்பதை வாய் ஏற்க மறுக்கிறது. டெய்லி, வீக்லி, எர்லி ஆகியவை பெயரடையாகவும் வினையடையாகவும் தாங்களே இரட்டை வேலை பார்த்துத் தப்பித்துக்கொண்டன. ஃப்ரெண்ட்லிக்கு அந்த வழியும் வாய்க்கவில்லை. எனவே இன் எ ஃப்ரெண்ட்லி வே என்று நான்கு சொற்களாகச் சுற்றிவளைத்துச் சொல்லிவிட்டு, அகராதியில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்லை அங்கேயே இருக்க விட்டுவிட்டார்கள்.